மலிவுப் பெட்டிக்கும் விலை உயர்ந்த பெட்டிக்கும் சட்டம் தரும் பாதுகாப்பு ஒன்றா?

கேள்வி: மாமல்லபுரத்தில் சிறிய கல் சிற்பக்கூடம் நடத்தும் வாசகர் ஒருவர், டெல்லிக் கண்காட்சி ஒன்றுக்கும் பின்னர் சிங்கப்பூரிலுள்ள மகள் வீட்டுக்கும் விமானத்தில் செல்லவிருப்பதாகவும், செங்கல்பட்டுக் கடை ஒன்றில் 2,800 ரூபாய்க்குக் கிடைக்கும் டிராலி பெட்டியை வாங்குவதா, ஐந்தாண்டு வாரண்டியுடன் 13,500 ரூபாய்க்கு விற்கப்படும் பிராண்டட் பெட்டியை வாங்குவதா என்று முடிவெடுக்க இயலவில்லை என்றும் எழுதியுள்ளார். மலிவுப் பெட்டிக்கான பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சிட்டிருப்பதால், அது உடைந்தால் கடைக்காரரிடம் எதுவும் கேட்க முடியாதா என்பதும், விமான நிறுவனத்தின் கையில் உடைந்தால் யார் பொறுப்பு என்பதும் அவருடைய ஐயங்கள்.

பதில்: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொருளின் விலையை வைத்து நுகர்வோரைத் தரம் பிரிப்பதில்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின் பிரிவு 2(10), 'குறைபாடு' என்பதற்குத் தரும் விளக்கமே இக்கேள்விக்கான திறவுகோல் ஆகும்; ஒரு பொருளின் தரம், அளவு முதலியவற்றில், சட்டம் வேண்டும் நிலைக்கோ, வெளிப்படையான அல்லது உட்கிடையான ஒப்பந்தம் வேண்டும் நிலைக்கோ, விற்பவர் எந்த வகையிலாவது சொல்லிக்கொண்ட நிலைக்கோ கீழே காணப்படும் பிழையும் போதாமையும் குறைபாடு என்கிறது அப்பிரிவு. பயணப் பெட்டி என்று விற்கப்பட்ட ஒன்று முதல் பயணத்திலேயே சக்கரம் கழன்று நின்றால், அது 2,800 ரூபாய்ப் பெட்டியானாலும் குறைபாடுடையதுதான். அதே வேளையில், 'உடையாத பாலிகார்பனேட் ஓடு', 'ஓசையின்றி உருளும் எட்டுச் சக்கரம்' என்று அட்டையில் அச்சிட்டு விற்கப்படும் பெட்டி, அச்சொற்களாலேயே தன் தரத்தின் அளவுகோலை உயர்த்திக்கொள்கிறது. எனவே விலை உயர்ந்த பெட்டி வாங்குபவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது, விற்பவரைக் கட்டுப்படுத்தும் எழுத்து வடிவிலான வாக்குறுதிகளே. கைப்பிடியில் தொங்கும் அந்த அட்டையைப் பிய்த்துக் குப்பையில் போடுவோர் தாம் கொடுத்த கூடுதல் பணத்துக்கான சான்றையே போட்டுவிடுகிறார்கள் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது.

பில்லில் அச்சிட்ட வாசகத்தைப் பொறுத்தவரை, அது குறைபாடுள்ள பொருளுக்குக் கேடயமாகாது. பிரிவு 2(47), பில் தராமல் இருப்பதையும், குறைபாடுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதையும் நேர்மையற்ற வணிக நடைமுறை என்று வரையறுத்துள்ளது. நிறம் பிடிக்கவில்லை, வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்பன குறைபாடு ஆகா என்பதும், கடையிலேயே சோதித்துப் பார்த்தவர் அச்சோதனையில் கண்ணில் பட்டிருக்க வேண்டிய பழுதைப் பின்னர் காரணம் காட்டுவதை 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் பிரிவு 16 ஏற்பதில்லை என்பதும் உடன் நினைவில் வைக்கத்தக்கவை.

ஐந்தாண்டு வாரண்டி என்பது தனியொரு ஒப்பந்தம். ஆகவே அதன் ஆண்டுக்கணக்கைவிட விலக்குகளின் பட்டியலே முதலில் படிக்கத்தக்கது. இத்தகைய வாரண்டிகள் பொதுவாக உற்பத்திக் குறையை மட்டுமே ஏற்கின்றன. பயன்பாட்டால் வரும் தேய்மானம், துரு, விமான நிறுவனம் முதலிய போக்குவரத்தாளர் கையில் நேரும் சேதம் ஆகியவற்றை விலக்கிவிடுகின்றன. மாமல்லபுரம் போன்ற கடலோர ஊரில் துரு விலக்கு சிறிய செய்தியன்று. உப்புக்காற்றில் வைக்கப்பட்ட பெட்டியின் சக்கர அச்சிலுள்ள இரும்புத் திருகு செந்துருவேறி இறுகிப்போவதையும், ஜிப்பின் இழுப்பான் பச்சை பூத்துப் பல்லில் சிக்குவதையும், மேலிழுக்கும் கைப்பிடிக் குழாயில் வெண்புள்ளிகள் விழுந்து பாதியில் நின்றுவிடுவதையும் அவ்வூரார் அறிவர். இவற்றை நிறுவனம் 'உற்பத்திக் குறை அன்று' என்று ஒதுக்க வாய்ப்பு மிகுதி. பெட்டியைக் கவிழ்த்துச் சக்கரம் திருகாணியால் பொருத்தப்பட்டுள்ளதா, ரிவெட் அடிக்கப்பட்டுள்ளதா என்று பார்த்தாலே பாதி விடை தெரிந்துவிடும். திருகாணி இருப்பின் சக்கரத்தை மட்டும் மாற்றலாம், ரிவெட் என்றால் துளையிட்டு எடுக்காமல் கழற்ற இயலாது.

வாசகர் தொழில் செய்பவர் என்பதால் இன்னொரு தடையும் எழக்கூடும். வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவர் 'நுகர்வோர்' அல்லர் என்று பிரிவு 2(7) கூறுகிறது. ஆனால் சுயதொழிலால் வாழ்வூதியம் ஈட்டுவதற்காக மட்டுமே ஒருவர் வாங்கித் தாமே பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று அதே பிரிவின் விளக்கம் விலக்களிக்கிறது. லட்சுமி என்ஜினியரிங் வொர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் இந்த எல்லையை வரைந்தபோது, பிறரை வைத்து ஓட்டுவதற்காக ஆட்டோ வாங்குபவரையும் தாமே ஓட்டிப் பிழைப்பதற்காக வாங்குபவரையும் வேறுபடுத்திக் காட்டியது. தாமே உளி பிடித்துச் செதுக்கும் சிற்பி இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். எனினும், உள்ளீட்டு வரி வரவு பெறுவதற்காகச் சிற்பக்கூடத்தின் ஜி.எஸ்.டி. எண்ணில் பில் போட்டுவிட்டால், எதிர்மனுதாரர் முதலில் எடுக்கும் ஆட்சேபம் அதுவாகவே இருக்கும். சிறு தொகை வரி வரவுக்காக அந்த வாதத்துக்கு இடம் தருவது அறிவுடைமை ஆகாது.

விமானப் பயணத்துக்கான விதிகள் வேறு. பன்னாட்டுப் பயணத்துக்கு, 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கை, 2009 முதல் இந்தியாவைக் கட்டுப்படுத்துகிறது. அது 1972ஆம் ஆண்டு வான்வழிப் போக்குவரத்துச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. கவுண்டரில் ஒப்படைத்த பெட்டி நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தபோது சேதமடைந்தால், நிறுவனத்தின் கவனக்குறைவைப் பயணி நிரூபிக்க வேண்டியதில்லை. கையோடு எடுத்துச்செல்லும் பைக்கு மட்டுமே தவறு நிரூபிக்கப்பட வேண்டும். இழப்பீட்டு உச்சவரம்பு சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகான 'சிறப்பு எடுப்பு உரிமை'யில் குறிக்கப்படுகிறது. பன்னாட்டளவில் அது 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 அலகுகள், அதாவது ஒன்றரை லட்சம் ரூபாய்க்கும் மேல். உள்நாட்டுப் பயணத்தில் வரம்பு ஒரு பயணிக்கு 20,000 ரூபாய். இவை உச்சங்களே அன்றி உறுதித் தொகைகள் அல்ல. நிரூபித்த இழப்புக்கு மட்டுமே பணம் கிடைக்கும் என்பதால், பில் இல்லாத 13,500 ரூபாய்ப் பெட்டியைவிடப் பில் உள்ள 2,800 ரூபாய்ப் பெட்டி விமான நிறுவனத்தின் இழப்பீட்டு மேசையில் வலுவானது.

ஆயினும், மலிவுப் பெட்டி உண்மையில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. உடன்படிக்கையின் 17ஆவது கூறு, சேதம் பெட்டியின் உள்ளார்ந்த குறை, தரம் அல்லது இயல்புக் கேட்டால் விளைந்திருந்தால் அந்த அளவுக்கு விமான நிறுவனத்தை விடுவிக்கிறது. ஓடு மெலிந்த பெட்டி மூலையில் பிளந்தால், பெட்டியே தரமற்றது என்று விமான நிறுவனமும், எறிந்து கையாண்டதால் பிளந்தது என்று கடைக்காரரும் சொல்ல, பயணி இருவருக்கும் நடுவே அலைய நேரும். அவ்வாறான நிலையில் இருவரையுமே ஒரே புகாரில் எதிர்மனுதாரர்களாகச் சேர்ப்பது நடைமுறையில் பயன் தரும் வழி. வான்வழிப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் எழும் உரிமைகளையும் நுகர்வோர் ஆணையத்தில் கோரலாம் என்பதை டிரான்ஸ் மெடிட்டரேனியன் ஏர்வேஸ் எதிர் யுனிவர்சல் எக்ஸ்போர்ட்ஸ் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுள்ளது. மேலும், 'சக்கரம், கைப்பிடி சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல' என்று பயணச்சீட்டு நிபந்தனைகளில் காணப்படும் வாசகத்தைக் கண்டு பின்வாங்க வேண்டியதில்லை. பொறுப்பிலிருந்து விடுவிக்கும் அல்லது வரம்பைக் குறைக்கும் நிபந்தனை செல்லாது என்று 26ஆவது கூறு கூறுகிறது. கருங்கல் சிலையை உள்ளே வைத்து அனுப்பிவிட்டுப் பெட்டி உடைந்ததற்குப் பணம் கேட்டால் மட்டும் நிலைமை தலைகீழாகும். ஒரு லிட்டர் கனஅளவுள்ள கருங்கல் 2.7 கிலோ அளவுக்கு எடையுள்ளது என்பதால், பயணியின் பங்களிப்பும் சேதத்துக்குக் காரணம் என்ற 20ஆவது கூறு நிறுவனத்துக்குக் கைகொடுக்கும். கண்காட்சிச் சிலைகள் மரப்பெட்டியில் கட்டப்பட்டுச் சரக்காகப் போவதே முறை.

செங்கல்பட்டு சந்திப்பிலிருந்து ரயிலில் செல்வோருக்கு இத்தகைய பாதுகாப்பு இல்லை. பதிவு செய்து ரசீது பெறாத உடைமைக்கு, ரயில்வே ஊழியரின் கவனக்குறைவு நிரூபிக்கப்பட்டால் அன்றிப் பொறுப்பில்லை என்கிறது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் பிரிவு 100.

திருக்கழுக்குன்றம் வட்டத்தைச் சேர்ந்த மாமல்லபுரத்தில் வசிப்பவர், கடை எங்கிருந்தாலும், தம் வசிப்பிடத்தை வைத்தே செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் தரலாம். இந்த உரிமையைத் தருவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 34. செலுத்திய விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இன்றியும் வாதிடலாம். காலவரையறை இரண்டு ஆண்டு. ஆய்வகச் சோதனை தேவைப்படும் குறைக்கு அதன் கட்டணத்தைப் புகார்தாரரே முன்கூட்டிக் கட்ட நேரலாம். 2,800 ரூபாய்ப் பெட்டிக்கு அது கட்டுப்படியாகாது. நல்வாய்ப்பாக, கழன்ற சக்கரமும் பிளந்த ஓடும் சோதனை இன்றிக் கண்ணாலேயே தெரியும் குறைகள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் முறையிடுவது, புகாருக்குப் போகாமலே பல நேரங்களில் தீர்வு தரும்.

மொத்தத்தில், இரண்டு பயணங்களுக்காக மட்டும் என்றால் கூடுதலான 10,700 ரூபாயைச் சட்டப் பாதுகாப்பின் பெயரால் செலவிடக் காரணம் இல்லை. பில்லுடன் வாங்கிய மலிவுப் பெட்டி, துணிமணிக்கு, போதும். ஆண்டுதோறும் கண்காட்சிகள் தொடருமானால், சென்னையில் பழுதுநீக்கு நிலையம் உடைய, சக்கரமும் கைப்பிடியும் தனியே மாற்றத்தக்க விலை உயர்ந்த பெட்டி ஏற்றது. எதை வாங்கினாலும், கவுண்டரில் தருவதற்கு முன் பெட்டியின் ஆறு பக்கங்களையும் கைபேசியில் படமெடுத்துக்கொள்வதும், சேதம் கண்டால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே பி.ஐ.ஆர். என்னும் உடைமைச் சேதப் பதிவைக் கேட்டு வாங்குவதும், பெட்டியைப் பெற்ற நாளிலிருந்து 7 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுவதும் தவறக்கூடாதவை. எட்டாம் நாள் எழுதப்படும் முறையீட்டை ஏற்க நிறுவனத்துக்குக் கடமை இல்லை.