வாழைப்பழத்தின் மாச்சத்தும் சர்க்கரையும் அளந்தறியும் முறை

வேடசந்தூர்ப் பக்கத்துச் சந்தைகளில் வாழைத்தாரின் பக்குவம் தோலின் நிறத்தையும் காயின் திரட்சியையும் கொண்டே மதிக்கப்பட்டு வருகின்றது. அனுபவஸ்தரின் கண் பெரும்பாலும் பிழைபடுவதில்லை. ஆயினும் விற்போரும் வாங்குவோரும் மாறுபடுமிடத்து அதனைச் சாட்சியாகக் காட்ட இயலாது. நஷ்டம் பெரும்பாலும் பயிரிட்டவரையே சாரும்.

பச்சைக்காயின் சதையில் நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு வரை மாச்சத்து உண்டு. சர்க்கரையோ ஓரிரு பங்கே. கனியுங்கால் மாச்சத்துச் சர்க்கரையாக மாறுகின்றது. நன்கு கனிந்த பழத்தில் சர்க்கரை 15 முதல் 20 பங்கு வரை ஏறும். இனத்திற்கேற்ப இது சிறிது வேறுபடும். பழநிப் பஞ்சாமிர்தத்திற்கு விருப்பாச்சி மலைவாழையை விரும்புவது, அதன் சதையில் நீர் குறைவாயிருத்தல் பற்றியே.

மாச்சத்தைக் காண, மருந்துக்கடையில் கிடைக்கும் டிங்க்சர் அயோடினில் ஒரு பங்கிற்குப் பத்துப் பங்கு நீர் சேர்க்கவும். காயைக் குறுக்காக வெட்டி, வெட்டுமுகத்தை அதில் தோய்த்துச் சில நிமிஷங்கள் வைத்திருக்கவும். மாச்சத்து உள்ளவிடம் கருநீலமாகும். பழுக்கப் பழுக்க அக்கருமை மறைந்துவரும். சோதித்த துண்டை மனிதரோ மாடோ தின்னலாகாது.

சர்க்கரைக்கு ரிஃப்ராக்டோமீட்டர் என்னும் கைக்கருவி உதவும். இது காட்டும் பிரிக்ஸ் அளவு, சாற்றில் கரைந்துள்ள பொருள்கள் அனைத்தின் அளவாகும். அவற்றுள் சர்க்கரையே பெரும்பங்கு. வாழைச்சதை எளிதில் சாறு விடாது. ஆதலின் ஒரு பங்கு சதையை மூன்று பங்கு எடை நீருடன் அரைத்து வடித்து, ஒரு துளியிட்டுப் பார்த்து, வந்த எண்ணை நான்கால் பெருக்குக. சிறு பிழையும் நான்கு மடங்காகுமாதலால் எடையில் சோம்பலாகாது. கருவியை நிழலில் வைத்து, முதலில் தூய நீரிட்டுச் சுழியம் சரிபார்த்தல் அவசியம்.

ஒரு கருவியை மட்டும் நம்பின் மோசம் நேரும். மாவு நீரில் கரையாதாகையால், நன்கு முற்றிய பச்சைக்காயிலும் பிரிக்ஸ் குறைவாகவே இருக்கும். அக்காய் பின்னர் இனிக்கும். திராட்சையின் இயல்பு வேறு: அதில் மாச்சத்துச் சேமிப்பு இன்மையால், கொடியில் ஏறாத இனிப்புக் கூடையில் ஏறாது. அதற்குப் பிரிக்ஸ் ஒன்றே போதும்.

கார்பைடுக் கல்லிட்டுப் பழுக்கவைத்தல் சட்டப்படி விலக்கப்பட்டுள்ளது. அவ்வாறு பழுத்த இளங்காயின் தோல் மஞ்சளாயினும் உள்ளே மாவு மிகுந்திருக்கக்கூடும். அயோடினில் தோய்த்தால் அது கறுத்துக் காட்டும். சங்கத்தார் தாரை எடை போடுமுன், ஒவ்வொரு வண்டியினின்றும் இரண்டொரு காயை எடுத்து, விற்போர் முன்னிலையிலேயே சோதித்துக் கணக்கில் குறித்துக்கொள்ளலாம்.