1.9 பெரிதா, 1.10 பெரிதா? வெர்ஷன் எண்களை ஒப்பிடுவதற்கு முழுமையான வழிகாட்டி

2009-இல் ஓபரா பிரவுசர் பத்தாவது வெர்ஷனை எட்டியபோது ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தது. வலைத்தளங்களிடம் தன்னை 10 என்று சொல்லாமல் 9.80 என்று சொல்லிக்கொண்டது. பல தளங்களின் கோட் முதல் இலக்கத்தை மட்டும் படித்து, 10-ஐ 1 என்று எடுத்துக்கொண்டதுதான் காரணம். அந்தத் தளங்களின் கணக்கில் புத்தம் புதிய பிரவுசர் அரதப் பழசாகிவிட்டது.

வெர்ஷன் எண் பார்க்க எண் போல இருக்கும். ஆனால் அது எண் அல்ல. புள்ளி வைத்துப் பிரித்த பல எண்களின் வரிசை. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் படிகள் எல்லாம் எளிது.

படி 1: தசம எண்ணாகப் படிக்காதீர்கள்

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் பயிற்சி 3.9 முடிந்ததும் 3.10 வரும். அதை யாரும் 3.1 என்று படிப்பதில்லை. வெர்ஷனில் உள்ள புள்ளியும் அந்த வகைதான். கம்ப்யூட்டரிடம் தசம எண்ணாகக் கொடுத்தால் கடைசிச் சுழியம் காணாமல் போகும்.

2021 அக்டோபரில் பைத்தான் 3.10 வெளியானபோது பலர் இதில்தான் சறுக்கினார்கள். யாமல் கோப்பில் மேற்கோள்குறி இல்லாமல் 3.10 என்று எழுதினால், அது 3.1 ஆகிவிடும். "3.10" என்று மேற்கோள்குறிக்குள் எழுதுங்கள்.

படி 2: ஸ்ட்ரிங்காகவும் ஒப்பிடாதீர்கள்

ஸ்ட்ரிங் ஒப்பீடு அகராதி வரிசையில் நடக்கும். இடமிருந்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து, முதலில் வேறுபடும் இடத்திலேயே தீர்ப்பு சொல்லிவிடும்.

"1.10.0" > "1.9.0" → பொய்

மூன்றாவது இடத்தில் 1-ஐயும் 9-ஐயும் பார்த்ததும் ஒப்பீடு முடிந்துவிட்டது. அடுத்துள்ள சுழியம் கணக்கிலேயே வரவில்லை. 1.1 முதல் 1.9 வரை இந்த கோட் சரியாகவே ஓடும் என்பதுதான் ஆபத்து. எழுதியவர் வேலை மாறிப் போன பிறகு 1.10 வரும், பிழையும் அன்றுதான் தலைகாட்டும்.

படி 3: உடைத்து, முழு எண்களாக்கி ஒப்பிடுங்கள்

புள்ளி உள்ள இடங்களில் ஸ்ட்ரிங்கை உடையுங்கள். ஒவ்வொரு துண்டையும் முழு எண்ணாக மாற்றுங்கள். பிறகு இடமிருந்து வலமாக ஒப்பிடுங்கள்.

(1, 10, 0) > (1, 9, 0) → உண்மை

பைத்தானில் டூப்பிளாக வைத்தால் இந்த ஒப்பீடு தானாகவே நடக்கும். ஜாவாஸ்கிரிப்டில் எச்சரிக்கை தேவை: இரண்டு அர்ரேக்களுக்கு நடுவே > போட்டால், அது இரண்டையும் மறுபடி ஸ்ட்ரிங்காக மாற்றித்தான் ஒப்பிடும். படி 2-இல் விட்டுவந்த பிழை பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். அங்கே லூப் எழுதி, துண்டு துண்டாக ஒப்பிட வேண்டும்.

படி 4: நீளம் வேறுபட்டால் என்ன என்று முடிவு செய்யுங்கள்

1.0 என்பதும் 1.0.0 என்பதும் ஒன்றா? பைத்தான் பேக்கேஜ்களின் விதிப்படி ஒன்றுதான். வெறும் டூப்பிளாக ஒப்பிட்டால் (1, 0) சிறியது. டெபியன் லினக்ஸின் விதியிலும் 1.0 சிறியதே. சொந்தமாக எழுதும் சிறு ஸ்கிரிப்டில், குறைவாக உள்ள பக்கத்தைச் சுழியத்தால் நிரப்பிவிடுவது பெரும்பாலும் போதும்.

படி 5: பீட்டா, ஆர்சி வால்களைக் கவனியுங்கள்

படி 3-இல் எழுதிய கோட் "2.0.0-பீட்டா.1" வந்ததும் தடுக்கி விழும். டாம் பிரஸ்டன்-வெர்னர் வகுத்த சிமான்டிக் வெர்ஷனிங் விதியில் வால் உள்ளது முன்வெளியீடு. வால் இல்லாததைவிடச் சிறியது.

1.0.0-ஆல்ஃபா < 1.0.0-பீட்டா.2 < 1.0.0-பீட்டா.11 < 1.0.0-ஆர்சி.1 < 1.0.0

வாலுக்குள் எண்ணுக்கு முன் புள்ளி வைத்திருப்பதைப் பாருங்கள். அந்தப் புள்ளி இருந்தால்தான் 11 எண்ணாகக் கருதப்படும். ஒட்டி எழுதினால் எழுத்து வரிசைதான். "ஆர்சி10" என்பது "ஆர்சி9"-ஐவிடச் சிறியதாகிவிடும். பைத்தானின் விதியிலோ ஒட்டி எழுதினாலும் 10-தான் பெரியது. கூட்டல் குறிக்குப் பின் வரும் பில்டு விவரத்தை சிமான்டிக் வெர்ஷனிங் ஒப்பீட்டில் சேர்ப்பதே இல்லை.

படி 6: அந்தந்த ஊர் நடுவரைக் கூப்பிடுங்கள்

ஒரே இரண்டு வெர்ஷன்களுக்கு ஊருக்கு ஊர் தீர்ப்பு மாறுகிறது. ஆகவே, வெளியிலிருந்து வரும் வெர்ஷன்களை ஒப்பிட சொந்த கோட் எழுதாமல், அந்த உலகின் கருவியையே பயன்படுத்துங்கள்.

• பைத்தான்: பேக்கேஜிங் லைப்ரரியில் உள்ள வெர்ஷன் கிளாஸ். பழைய கோடில் காணப்படும் டிஸ்ட்யூட்டில்ஸ் 2023-இல் வந்த 3.12-இலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.
• நோட், என்பிஎம்: செம்வெர் பேக்கேஜ்.
• பிஎச்பி: மொழியிலேயே உள்ள வெர்ஷன்_கம்பேர் ஃபங்ஷன்.
• டெபியன், உபுண்டு: டிபிகேஜி கட்டளை. இங்கே 2.0~ஆர்சி1 என்பது 2.0-ஐவிடச் சிறியது. 1:1.0 என்பதோ 2.0-ஐவிடப் பெரியது, முக்காற்புள்ளிக்கு முன் உள்ள எண்ணுக்கே முதல் மரியாதை. மென்பொருளின் எண் முறை மாறி, புதிய வெர்ஷனுக்குச் சின்ன எண் வந்துவிட்டால் வரிசையைக் காப்பாற்ற இந்த ஏற்பாடு.

படி 7: பத்து வருவதற்கு முன்பே சோதியுங்கள்

இந்த ஜோடிகளைச் சோதனையில் எழுதிவையுங்கள்:

• 1.9.0, 1.10.0
• 9.0.0, 10.0.0
• 99.0.0, 100.0.0
• 1.0, 1.0.0
• 2.0.0-ஆர்சி.1, 2.0.0

மூன்றாவது ஜோடி மிகையல்ல. 2022-இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 100-ஐ எட்டின. மூன்று இலக்கத்தைக் கண்டு தளங்கள் தடுமாறுமோ என்று அறிய, அதற்கு முன்பே தங்களை 100 என்று சொல்லிக்கொள்ளும் சோதனை வசதியை இரண்டும் கொடுத்துவிட்டன. ஓபராவைப் போல யாரும் 99-இலேயே நின்றுவிட நேரவில்லை.