வாய்க்குள்ளும் அமீபா!

"ஐயா, நாங்க தண்ணிய கொதிக்க வச்சுத்தானே குடிக்கோம்? பொறவு எப்படி வாயில அமீபா இருக்கும்?"

கரிவலம்வந்தநல்லூரில் என்னிடம் இப்படிக் கேட்டவர் ஒரு குடும்பத் தலைவி. பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வருகிறது. மகள் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள். பாடத்தில் படித்ததைச் சொல்லி அம்மாவைப் பயமுறுத்திவிட்டாள்.

மகள் சொன்னது பொய்யில்லை. 'எண்டமீபா ஜிஞ்சிவாலிஸ்' என்று அதற்குப் பெயர். 1849-ல் மாஸ்கோவில் குரோஸ் என்பவர் பல் அழுக்கில் இதைக் கண்டார். மனித உடம்பில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட அமீபா இதுதான். சீதபேதி அமீபாவுக்கு உறவு. ஆனால் குணம் வேறு. அது தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொண்டு தண்ணீரில் பல நாள் கிடக்கும், கொதிக்கவைத்தால் சாகும். வாய் அமீபாவுக்குக் கூடு கட்டத் தெரியாது. எச்சில் வழியாகத்தான் வாய்க்கு வாய் தாவும். இரண்டு பேருக்கு ஒரே பிரஷ், கடித்துக் கொடுத்த முறுக்கு, முத்தம்... இது போதும். (டம்ளரை அண்ணாந்து குடி என்று ஆச்சிமார் அதட்டியது சும்மா இல்லை!)

பயோரியாவுக்கு இதுதான் காரணம் என்று 1914, 1915-ல் அமெரிக்க டாக்டர்கள் சிலர் எமிட்டின் ஊசி போட்டுப் பார்த்தார்கள். நோயில்லாத வாயிலும் அமீபா இருப்பது தெரிந்ததும் அந்த வேகம் அடங்கிவிட்டது. ஆனால் 2020-ல் பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள், இது ஈறின் திசுவுக்குள் புகுந்து சேதப்படுத்தக் கூடியது என்று காட்டினார்கள். ஆகவே, அமீபா இருந்தாலே நோய் என்று பதற வேண்டாம். ஈறில் ரத்தம் வந்தால் மட்டும் அலட்சியம் கூடாது.

நான் சித்த வைத்தியன். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர், கடுக்காய்க் கஷாயம் இரண்டையும் கொப்பளிக்கச் சொல்வேன், ஈறு இறுகும். ஆனால் பல்லில் கல்லாகப் படிந்த காரையை எந்தக் கஷாயமும் கரைக்காது. பல் டாக்டர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். செங்கல் பொடி, கரித்தூள் போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீர்கள், பல் தேயும்.

"கிளீன் பண்ணினா பல்லு ஆடும்ங்காங்களே ஐயா?" என்றார் அந்த அம்மா. பலருக்கும் உள்ள பயம் இது. காரையடியில் ஈறு வீங்கி, உள்ளே எலும்பு கரைந்ததால்தான் பல் ஆடுகிறது. காரை அதை மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். எடுத்தபிறகு ஈறு தேறும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. அதனால்தான் தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன். போகும்போது சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். அது கூடினாலும் ஈறு கெடும்.