லேப்டாப் ஆன் ஆகலையா? பதற வேண்டாம்!



2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த லேப்டாப் நம்மில் பலர் வீட்டில் இருக்கிறது. குழுக் கணக்கையும் அதிலேயே ஏற்றியிருப்போம். திடீரென்று அது ஆன் ஆகாவிட்டால், "கணக்கெல்லாம் போச்சே!" என்று பதறுகிறோம். கணக்கு இருப்பது ஹார்டு டிஸ்கில். மற்ற பாகம் கெட்டாலும் அது பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும்.

முதலில் இவற்றைச் செய்து பார்ப்போம்:

1. பிளக்கில் கரண்ட் வருகிறதா? செல்போன் சார்ஜரைச் சொருகிப் பார்ப்போம்.

2. லேப்டாப் சார்ஜரையும் அடியில் உள்ள பேட்டரியையும் கழற்றுவோம். பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடிப்போம். பிறகு சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்வோம். ஓடினால், கோளாறு பெரும்பாலும் பேட்டரியில்தான். உப்பிய பேட்டரியை மறுபடி மாட்டக் கூடாது, குத்தவும் கூடாது.

3. சின்ன லைட் எரிந்தும் திரை இருட்டாக இருந்தால், டார்ச் அடித்துப் பார்ப்போம். மங்கலாக எழுத்து தெரிந்தால் திரையின் வெளிச்சம் மட்டுமே போயிருக்கிறது.

சரியாகவில்லை என்றால் கடையில் கொடுக்கும்போது, "எதையும் அழிச்சிடாதீங்க தம்பி, முதல்ல கணக்கைப் பென் டிரைவில் எடுத்துக் கொடுங்க" என்று சொல்ல மறக்கக் கூடாது.

1991-இல் அறிவொளி இயக்கத்தில் பெண்கள் சைக்கிள் கற்ற மாவட்டம் நம் புதுக்கோட்டை. இதையும் கற்போம்! மாதம் ஒருமுறை கணக்கைப் பென் டிரைவில் எடுத்து வைப்போம்.