பழைய சுங்குடியில் போர்வை

2005-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை சுங்குடிச் சேலை, நைந்த பிறகுதான் போர்வைக்கு ஏற்ற மென்மைக்கு வரும். மதுரை வெயிலுக்குப் பஞ்சு அடைக்கத் தேவையில்லை. இரண்டு சேலைகள் போதும். முதலில் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தனியாக இன்னும் இரண்டு முறை அலசுங்கள்.

ஐந்தரை மீட்டர் சேலையைக் குறுக்கே மடித்தால் இரண்டே முக்கால் மீட்டர். இரண்டையும் அடுக்கினால் நான்கு மடிப்பு. குண்டூசி குத்தி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓட்டுத் தையல் போடுங்கள். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் துணி உப்பிக்கொள்ளும். சாக்பீஸ் கோடு வேண்டாம், சுங்குடிப் புள்ளி வரிசையே வழிகாட்டும். வரிசைகளுக்கிடையே நாலு விரல் இடைவெளி. நூலை மெழுகுவர்த்தியில் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டால் சிக்கு விழாது.

ஓரம் அடிக்க மட்டும் மிஷின் நல்லது. வீட்டில் இல்லையா? மதுரையில் புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல்காரர்களிடம் கொடுக்கலாம். நீளம் அதிகமென்று வெட்டிய துண்டை எட்டாக மடித்துத் தைத்தால் அடுப்படிக்குப் பிடிதுணி. ஜரிகைக் கரையை அதில் சேர்க்காதீர்கள், சூட்டில் பொசுங்கும்.