முன்னணை இருந்த இல்லம்

நெசவுக்குப் பெயர்பெற்ற பொதட்டூர்பேட்டையிற் பல வீடுகளில் தறியும் குடும்பமும் ஒரே கூரையின்கீழ் வாழ்தலைக் காண்கிறோம். பண்டை யூதச் சிற்றூர்களில் எளியோர் இல்லமும் அத்தகையதே. பெரும்பாலும் ஓர் அறை. தாழ்ந்த பகுதியிற் கால்நடை, உயர்ந்த பகுதியில் மக்கள், அருகே முன்னணை. நள்ளிரவில் அப்பங் கேட்ட நண்பனிடம், பிள்ளைகள் தன்னோடு படுத்திருப்பதாக வீட்டுக்காரன் கூறும் உவமை (லூக்கா 11) இதனை விளக்கும்.

லூக்கா 2:7-இல் ‘சத்திரம்’ எனப் பெயர்க்கப்பட்ட ‘கத்தலுமா’ என்னுங் கிரேக்கச் சொல், 22:11-இல் வீட்டின் விருந்தறையைக் குறிக்கின்றது. வழிப்போக்கர் சத்திரத்துக்கு 10:34-இல் வேறு சொல் வழங்குகின்றது. எனவே பெத்லகேமில் இடமற்றிருந்தது விருந்தறையே எனக் கொள்ளல் தகும். அவ்வாறாயின், இயேசு பெருமான் தள்ளப்பட்டவரல்லர்; ஏழைக் குடும்பத்தின் நடுவே ஏற்கப்பட்டவர். நெருக்கத்திலும் இடமளித்த அவ்வில்லத்தாரை நாம் மறத்தல் நன்றோ?