பேறுகாலத்தில் மன அமைதி: எவ்வகைப் பிரசவத்திற்கும் உதவும் ஹிப்னோபர்த்திங் பயிற்சி

குழந்தை பிறந்த செய்தி கிடைத்தவுடன் உறவினர் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் இதுவே: "சுகப்பிரசவமா, சிசேரியனா?" கேட்பவர் மனத்தில் தீய எண்ணம் ஏதுமில்லை. ஆயினும் அறுவை வழியே குழந்தை பெற்ற தாய்க்கு, தான் ஏதோ ஒன்றில் தவறிவிட்டோம் என்னும் வருத்தத்தை இக்கேள்வி தந்துவிடுகிறது. 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்த பிறப்புகளுள் ஏறத்தாழ 32 விழுக்காடு சிசேரியன் வழியே நிகழ்ந்தவை. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் இது 44.9 விழுக்காடு. ஆகவே, பிரசவம் எவ்வகையில் அமைந்தாலும் அதனை அமைதியுடன் எதிர்கொள்ளப் பழகுவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

பயிற்சியின் அடிப்படை

அச்சம் தசைகளை இறுக்குகிறது. இறுக்கம் வலியைக் கூட்டுகிறது. கூடிய வலி மீண்டும் அச்சத்தை வளர்க்கிறது. இக்கருத்தை இங்கிலாந்து மகப்பேறு மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 1933ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் எடுத்துரைத்தார். அதன் வழிவந்த முறையை அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தைச் சேர்ந்த மேரி மோங்கன் 1989இல் ஹிப்னோபர்த்திங் என்னும் பெயரில் வகுத்தார்.

ஹிப்னாஸிஸ் என்றதும் மேடையில் காட்டப்படும் வசியம் பலர் நினைவுக்கு வரலாம். இப்பயிற்சி அத்தகையதன்று. நல்ல இசையில் ஒன்றிப்போன ஒருவர் தம்மைச் சுற்றி நடப்பதை அறிந்தே இருப்பதுபோல, தாயும் முழு உணர்வுடன் இருப்பார்; கேள்வி கேட்பார்; முடிவும் எடுப்பார்.

எதை எதிர்பார்க்கலாம்?

மொத்தம் 2,954 பெண்கள் பங்கேற்ற ஒன்பது ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2016இல் தொகுத்து ஆராய்ந்தது. ஹிப்னாஸிஸ் பயின்றோரிடையே வலி மருந்தின் தேவை ஒட்டுமொத்தமாகச் சற்றுக் குறையலாம். எபிடியூரல் பயன்பாட்டில் தெளிவான வேறுபாடு இல்லை என்பதே அதன் முடிவு. 680 பெண்களைக் கொண்டு இங்கிலாந்தில் நடந்து, 2015இல் வெளியான ஆய்வும் எபிடியூரல் பயன்பாடு குறையவில்லை என்றே கண்டது. எனினும் பயிற்சி பெற்றோர், தாம் முன்பு எதிர்பார்த்ததைவிடக் குறைந்த அச்சத்துடனும் கவலையுடனும் பிரசவத்தைக் கடந்ததாகக் கூறினர். எனவே, வலியற்ற பிரசவத்தை இப்பயிற்சி உறுதியளிப்பதாக எவரேனும் கூறினால் நம்ப வேண்டாம். அச்சத்தைத் தணிக்கும் துணையாக இதனைக் கொள்ளலாம்.

வீட்டில் பழகும் முறை

ஏழாம் மாதம் முதல் நாள்தோறும் பத்து அல்லது பதினைந்து நிமிடம் பழகுதல் நன்று.

1. மூச்சு: நான்கு எண்ணும் வரை மூக்கின் வழியே மூச்சை இழுத்து, ஏழு அல்லது எட்டு எண்ணும் வரை மெல்ல வெளிவிடுக. மூச்சை அடக்க வேண்டாம். தலைசுற்றினால் இயல்பான மூச்சுக்குத் திரும்புக.

2. தளர்வு: நெற்றி, தாடை, தோள், கைவிரல்கள், இடுப்பு, கால்கள் என வரிசையாக ஒவ்வொன்றையும் தளர்த்துக.

3. காட்சி: மனத்திற்கு இனிய ஓர் இடத்தை நினைவில் கொள்க. ஊர்க் குளக்கரையோ, பாட்டி வீட்டுத் திண்ணையோ, எதுவாயினும் ஒலி, மணம், காற்று ஆகியவற்றுடன் நினைத்துப் பார்க்கவும்.

4. சொல்: "ஒவ்வொரு மூச்சாக" என்பது போன்ற சிறு தொடரைத் தேர்ந்தெடுத்துத் துணைவரைத் தாழ்ந்த குரலில் சொல்லச் செய்க. சிறுவயது முதல் கேட்டுப் பழகிய தாய்மொழியிலேயே அது அமையலாம்.

பிரசவத்தின் வகைக்கேற்ப

இயல்பான பிரசவம்: வலி எழும்போது நீண்ட வெளிமூச்சு, வலி அடங்கும்போது முழுத் தளர்வு. இடைவேளை ஒவ்வொன்றும் ஓய்வுக்கு உரியது.

மருந்தால் வலி தூண்டப்படும் பிரசவம்: இது ஒரு நாளுக்கு மேலும் நீளக்கூடும். காத்திருப்பே பெருஞ்சோர்வைத் தரும் என்பதால் இசை, தளர்வு, உறக்கம் ஆகியவற்றுக்கு முன்னரே திட்டமிடுக.

எபிடியூரல்: முதுகில் ஊசி செலுத்தப்படும்போது அசையாதிருத்தல் இன்றியமையாதது. நீண்ட வெளிமூச்சு அங்கே பெரிதும் உதவும். வலி மருந்து பெறுவதனால் பயிற்சி வீணாகிவிடுவதில்லை.

திட்டமிட்ட சிசேரியன்: பெரும்பாலும் உடலின் கீழ்ப்பகுதி மட்டுமே மரத்துப்போகும், தாய் விழித்திருப்பார். இழுப்பதும் அழுத்துவதும் உணரப்படலாம், உடல் நடுங்கலாம். இவை வழக்கமானவை. கூர்மையான வலி தோன்றினால் உடனே சொல்ல வேண்டும். மென்மையான இசைக்கும், குழந்தையை உடனே மார்பில் வைப்பதற்கும் இயலுமா என முன்னரே கேட்டறிக.

அவசரச் சிசேரியன்: விளக்கத்திற்கு நேரம் குறைவு; சில வேளைகளில் துணைவர் உள்ளே அனுமதிக்கப்படார். முழு மயக்கம் தேவைப்படின், அதற்கு முந்தைய சில நிமிடங்களுக்குத் தாயின் மூச்சும் அச்சிறு தொடருமே துணை. அவசரமில்லாத எந்த முடிவிலும் நான்கு கேள்விகள் கேட்கலாம்: இதன் நன்மை என்ன? தீங்கு என்ன? வேறு வழி உண்டா? சற்றுக் காத்திருந்தால் என்ன ஆகும்?

துணையும் மொழியும்

காவிரி வெள்ளத்தால் தாய் வர இயலாதபோது, இறைவனே தாயுருவில் வந்து ஒரு பெண்ணுக்குப் பேறு பார்த்தான் என்பது திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை. விசா கிடைக்காமையால் தாய் வர இயலாத பெண்கள் இங்கும் உள்ளனர். பேறுகாலத்தில் தொடர்ந்து உடனிருந்து ஆதரவு தரும் ஒருவர் இருப்பின் இயல்பான பிரசவ வாய்ப்புக் கூடுவதைக் காக்ரேன் அமைப்பின் 2017ஆம் ஆண்டுத் தொகுப்பு காட்டுகிறது. அத்துணை கணவராகவோ, தோழியாகவோ, டூலா எனப்படும் பயிற்சி பெற்ற பேறுகாலத் துணையாளராகவோ இருக்கலாம். நியூ ஜெர்சியின் மருத்துவ உதவித் திட்டமான என்.ஜே. ஃபேமிலிகேர், 2021 ஜனவரி முதல் தன் உறுப்பினர்களுக்கு டூலா சேவையை வழங்கி வருகிறது.

ஆங்கிலத்தில் தடுமாறுவோர், மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறலாம். கூட்டாட்சி அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள் இதனை வழங்கக் கடமைப்பட்டவை. "தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை" என முதற் சந்திப்பிலேயே பதிவு செய்க. கணவரை மொழிபெயர்ப்பில் ஈடுபடுத்தாவிடில், அவர் தாயின் அருகே ஆறுதலாக இருக்க முடியும்.

கவனிக்க வேண்டியவை

மூச்சுப்பயிற்சி மருத்துவத்திற்கு மாற்றாகாது. குருதிப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல், தணியாத தலைவலி, பார்வை மங்கல், மார்பு வலி, மூச்சுத்திணறல், பனிக்குட நீர் பச்சை நிறமாதல் ஆகியவற்றுள் எது தோன்றினும் பொறுத்துப் பார்க்க வேண்டாம். உடனே மருத்துவரை அழைக்கவும். நிலைமை கடுமையாயின் 911ஐ அழைக்கவும். கடும் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் மருத்துவரிடம் கேட்ட பின்னரே இப்பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

பிரசவத்திற்குப் பின் அழுகையோ அச்சமோ விலகாதிருப்பின், தேசியத் தாய்மை மனநல உதவி எண் 1-833-852-6262 இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமின்றி இயங்குகிறது. மொழிபெயர்ப்பு உதவியும் கேட்கலாம்.

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குழந்தை பிறந்த வீட்டிற்கு அழைக்கும்போது பிரசவத்தின் வகையைக் கேட்பதற்கு முன், "நீ எப்படி இருக்கிறாய் அம்மா?" என்று கேளுங்கள். அதற்கு அவர் சொல்லும் விடையைப் பொறுமையாகக் கேளுங்கள்.